ஆறு கொழும்பு தூரம்

பூமி உருண்டை என்பதைக் கரும்பலகையில் மூன்று விதமாக நிரூபித்துக் காட்டுவேன். அது பெரியது என்பது மட்டும் முப்பத்தொரு வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு புவியியல் ஆசிரியர் இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது தொழிலுக்கே ஆபத்துதான். ஆனால் கல்முனையிலும் சுற்றுவட்டாரத்திலும் இந்தக் கதை தெரியாதவர்கள் இனி ஒருவரும் இல்லை (போன கிழமை மீன் சந்தையில் சூரை வெட்டுகிறவர் கத்தியை நிறுத்திவிட்டு, "சேர், டெல்லிக்குப் போன ஆள் நீங்கதானே?" என்று கேட்டார்). ஆகவே மற்றவர்கள் கை கால் வைத்துச் சொல்வதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிபோவான். நானும் பாலமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு, என் மனைவி நஸ்ரினாவின் வீட்டுக்கு அப்படித்தான் போனேன். என் பெட்டியில் நான்கு சாரன், இரண்டு காற்சட்டை, சுருட்டிய இந்திய வரைபடம் ஒன்று. இந்தியா என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பைத்தியம். பனிமலையும் பாலைவனமும் ஒரே நாட்டுக்குள் இருக்கின்றன, ஒரே நோட்டில் பதினைந்துக்கு மேற்பட்ட மொழிகளில் அதன் பெறுமதி எழுதியிருக்கிறது என்றெல்லாம் வகுப்பில் சொல்லும்போது எனக்கே புல்லரிக்கும். பிள்ளைகளுக்குப் பசிக்கும், அது வேறு விஷயம். அந்த வரைபடத்தைச் சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் ஆணியடித்து மாட்டினேன். புது மருமகன் ஆணியடித்தால் எந்த மாமியும் ஏன் என்று கேட்பதில்லை.

என் மாமா, அதாவது நஸ்ரினாவின் வாப்பா, முப்பது ஏக்கரில் வெள்ளாமை செய்கிறவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அதனாலோ என்னவோ, படித்தவன் ஒரு சொல் சொல்லிவிட்டால் அவருக்கு அது கல்வெட்டு. இரவுச் சாப்பாட்டின்போது வரைபடத்தை நிமிர்ந்து பார்த்து ஏதாவது கேட்பார். நான் கையில் சோற்றோடு எழுந்து நின்று விளக்குவேன். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

அந்த வீட்டின் கடைக்குட்டி சஜாத். நஸ்ரினாவின் தம்பி. புலமைப்பரிசில் கிடைத்து, டெல்லிக்கும் அப்பால் ஒரு பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தான். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவன் ஊருக்கு வரவில்லை. போனில் காரணம் சொன்னான்.

"வாப்பா, லீவு நாலு நாள்தான். ரெண்டு ராவும் ஒரு பகலும் ரெயில். மறுகா பிளேன். மறுகா கல்முனை பஸ். நான் வந்து சேரக்குள்ள லீவு முடிஞ்சிரும்."

மாமா போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மருமகன், மெட்ராஸ்ல இருந்து டெல்லிக்கு எவ்வளவு தூரம்?"

நான் எழுந்து போய் வரைபடத்தில் கையை வைத்தேன். சென்னையில் சுண்டுவிரல், டெல்லியில் பெருவிரல். அதற்குப் பிறகும் கையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"ஒரு சாண் கூட வராது மாமா. ஒரு ராப் பயணம்."

இதை ஏன் சொன்னேன் என்றால், எனக்குத் தெரிந்த ஆகப் பெரிய பயணமே ஒரு ராப் பயணம்தான். கல்முனையில் இரவு பஸ் ஏறினால் சுபஹுத் தொழுகை நேரத்துக்குக் கொழும்பில் இறங்குவோம். அதற்கு அங்கால் போனால் கடல். எங்கள் தீவில் யாரும் இரண்டு இரவு தொடர்ந்து ஒரு திசையில் போக முடியாது, போனால் நனைந்துவிடுவார்கள். இரவு ஏறுகிறவன் விடிய இறங்குவான் என்பது எங்கள் ரத்தத்தில் ஊறிய விஷயம். இந்தியாவின் வடக்குத் தெற்கு நீளம் ஏறத்தாழ மூவாயிரத்து இருநூறு கிலோமீற்றர் என்று வருடா வருடம் பிள்ளைகளைப் பாடமாக்க வைத்தவனும் நான்தான். அந்த எண் எனக்குத் தெரியும். அந்தத் தூரம் எனக்குத் தெரியாது.

மாமா சஜாத்துக்குத் திரும்பப் போன் எடுத்தார். "ஒரு ராவு பஸ்ஸேற ஒனக்கு மனமில்ல. அதுக்கு ரெண்டு ராவு எண்டு பொய் வேற. மருமகன் படிப்பிக்கிற மனிசன். அவருக்குத் தெரியாதா?" என்று சொல்லி வைத்துவிட்டார். அடுத்த பெருநாளுக்கும் அவன் வரவில்லை. அதோடு வாப்பாவும் மகனும் கதைப்பது நின்றுபோயிற்று. சஜாத் எடுத்தால் மாமி கதைப்பார். மாமா முற்றத்தில் நின்று வேலியைப் பார்ப்பார். அது என் ஒரு சாணால் வந்த வினை என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும், உண்மையைச் சொன்னால், என்னை அவர் இவ்வளவு நம்புகிறாரே என்று பெருமைதான் பட்டிருப்பேன்.

இப்படியிருக்கும்போது சஜாத்தின் பட்டமளிப்பு விழா வந்தது. ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணி. பெற்றோருக்கு அழைப்பிதழ் இருக்கிறது, வர மாட்டார்கள் என்று தெரியும், இருந்தாலும் அனுப்புகிறேன் என்று ராத்தா நஸ்ரினாவின் போனுக்கு அனுப்பியிருந்தான். மாமா அதை வாங்கி நீண்ட நேரம் பார்த்தார்.

"போவம்," என்றார். "அவனுக்குச் சொல்ல வேணாம். நேர போய் முன்னால நிண்டு கேக்கணும், ஒரு ராவு ஏறி வர நாங்க வந்தமே, ஒனக்கு ஏன் ஏலாமப் போச்சு எண்டு. கேட்டுப்போட்டு, அந்தக் கறுப்புச் சட்டையோட அவன் நிக்கிறதப் பாத்துப்போட்டு வந்திரணும்."

பயண ஏற்பாடு முழுக்க என் தலையில். நான், மாமா, மாமி மூன்று பேர். கைக்குழந்தையோடு நஸ்ரினா வீட்டில். கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானம். அங்கிருந்து டெல்லிக்கு ரயில். (மாமி ஒரு விமானத்துக்குத்தான் சம்மதித்தார். இரண்டாவது விமானம் அல்லாஹ்வைச் சோதிப்பது போல் என்றார்.) சென்னையில் தெரிந்த ஒருவர் ரயில் டிக்கெட் எடுத்து போனுக்கு அனுப்பினார். நான் கடையில் அச்செடுத்தேன். செவ்வாய் இரவு பத்து மணிக்குப் புறப்படுகிறது. காலை ஆறரைக்கு டெல்லி. எல்லாம் சரி. வந்துசேரும் திகதியில் மட்டும் புதன்கிழமைக்குப் பதிலாக வியாழக்கிழமை விழுந்திருந்தது.

இந்த இடத்தில்தான் என் வாழ்க்கையின் ஆகப் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தத் திகதியை வெட்டி, பக்கத்தில் சரியான திகதியை எழுதி, கீழே ஒரு சிறு கோடும் போட்டேன். பத்து வருடம் பரீட்சைத் தாள் திருத்திய கை அது. பிழை என்று ஒன்றைக் கண்டால் மூளையைக் கேட்பதில்லை.

'போனில் ஒருதரம் தேடிப் பார்த்திருக்கலாமே' என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. தேடினேன். முப்பத்திரண்டரை மணித்தியாலம் என்று காட்டியது. நடந்து போகிறவர்களுக்கான நேரம் என்று நினைத்தேன்.

நஸ்ரினா மட்டும் ஒருமுறை கேட்டாள். "சஜாத் ரெண்டு ராவு எண்டுதானே சொல்றான். எதுக்கும் ஒருக்கா அவன்ட கேட்டா என்ன?"

"சப்ரைஸ் குடுக்கப் போற ஆள்ட்ட வழி கேக்கிறதா?" என்றேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிற்காலத்தில் இப்படிப் பேச்சு வந்தபோதெல்லாம் அவள் உள்ளே போகாமல் நின்று என்னைப் பார்த்திருக்கிறாள்; அப்போதுதான் கடைசியாக விட்டுக்கொடுத்தாள்.

செவ்வாய் இரவு சென்னையில் ரயில் ஏறினோம். மாமி கட்டி வந்திருந்த சோற்றுப் பார்சல் மூன்றையும் அவிழ்த்து, பொரித்த மீனும் மாசிச் சம்பலுமாக ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டோம். 'விடியத்தான் இறங்கிவிடுவோமே, வைத்து என்ன செய்வது?' என்றது நான்தான். மிச்சமாக இருந்தது சஜாத்துக்கென்று மாமி கொண்டுவந்த ஒரு பெரிய டின் மஸ்கட் மட்டும். எங்கள் ஊரில் கல்யாணம், பெருநாள் எதுவானாலும் அந்த நெய் வழுக்கும் இனிப்பு இல்லாமல் நடக்காது. அந்த டின்னை மாமி தலைக்கு வைத்துப் படுத்தார்.

ஐந்து மணிக்கு எழுப்பிவிட்டேன். தொழுது, முகம் கழுவி, விழாவுக்கென்று வைத்திருந்த உடுப்புகளை மாற்றினோம். மாமா வெள்ளைச் சேட்டும் மருதமுனைச் சாரனும், அதற்கு மேலே ஒரு கோட்டும். மாமி கல் பதித்த புது அபாயா. நான் டை கட்டினேன். மாமி மூன்று பேருக்கும் அத்தர் பூசிவிட்டார். நான்கு பைகளையும் தூக்கிக்கொண்டு கதவடியில் போய் வரிசையாக நின்றோம். கதவடி என்றால் மலசலகூடத்துக்கு முன்னால். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் எங்கள் உடுப்பைப் பார்த்து, ஏதோ வரவேற்புக் குழு என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

ஆறு மணி. ஆறேகால். வெளியே வெளிக்கத் தொடங்கியது. ஒரு நிலையம் கடந்து போனது. பெயர்ப் பலகையில் வட்டம் வட்டமாக எழுத்து.

"மருமகன்," என்றார் மாமா. "டெல்லில சிங்களத்துலயும் போட்டிரிக்கானுவளா?"

நான் அந்தப் பலகையைப் பார்த்தேன். டெல்லியில் இந்தி, அதற்குத் தலையில் கோடு இருக்கும். இதற்குக் கோடு இல்லை. ஆனால் மருமகன் வாய் சும்மா இருக்குமா?

"ஓம் மாமா. அது நாடுகளுக்கு இடையில ஒரு ஒப்பந்தம் இரிக்கு."

"நல்ல மரியாதை," என்றார் மாமா, மிகவும் திருப்தியாக.

ஆறரை ஆனது. ரயில் நிற்கிற மாதிரியே தெரியவில்லை. இரண்டு பக்கமும் நெல் வயல், அதற்குப் பின்னால் பாறை பாறையாகக் குன்று. அப்போதுதான் எங்கள் கீழ்ப் படுக்கையில் வந்த அம்மா பல் துலக்க வந்தார். வசந்தா என்று பெயர், சென்னைக்காரர், டெல்லியில் இருக்கும் மகளிடம் போகிறார். இரவே மாமியோடு சிநேகமாகிவிட்டார்.

"ஏங்க, எல்லாரும் ரெடியாயிட்டீங்க? எங்க இறங்கணும்?"

"டெல்லில," என்றேன்.

அவர் வாயில் பிரஷ்ஷோடு என்னையும் டையையும் ஒருமுறை பார்த்தார்.

"டெல்லி நாளைக்குக் காலைலதானே சார் வரும். இது தெலங்கானா."

என் வாயிலிருந்து வந்த சொல், ஆண்டவன் சாட்சியாக, இதுதான்: "இல்லையே, நான் திருத்திட்டேனே."

சத்தம் கேட்டு டிக்கெட் பரிசோதகர் வந்தார். என்னிடமிருந்த தாளை வாங்கினார். சிவப்புக் கோட்டைப் பார்த்தார். இந்தியில் ஏதோ கேட்டார். வசந்தா அம்மா மொழிபெயர்த்தார். "இது யார் கரெக்ட் பண்ணினதுன்னு கேக்கிறார்." நானென்று சொன்னேன். "என்ன வேலை பாக்கிறீங்கன்னு கேக்கிறார்." சொன்னேன். அதையும் அவர் மொழிபெயர்த்தார். அந்த மனிதர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, அந்தத் தாளைக் கொஞ்சம் இரவல் தர முடியுமா என்று கேட்டார். அடுத்த ஒரு மணித்தியாலம் அது பெட்டி பெட்டியாகப் போய் வந்தது. பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்து, புவியியல் சேர் நான்தானா என்று உறுதிசெய்து, கைகொடுத்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோட்டோடு படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். விழா பதினொரு மணிக்கு. நாங்கள் போய்ச் சேர இன்னும் ஒரு பகலும் ஒரு இரவும் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்ப, ரெண்டு ராவும் ஒரு பகலும் எண்டு அவன் சொன்னது மெய்தானா மருமகன்?"

"ஓம் மாமா."

"ரெண்டு வருசமா என்ட புள்ள மெய்தான் சொல்லியிரிக்கான்."

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மனிதர் ஒரு வசனத்தை என்னிடம் சொல்லாமல் தனக்கே சொல்லிக்கொண்டார். நான் டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். சிவப்புப் பேனாவும் அதற்குள்தான் இருந்தது. அதை எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் கவுண்மெந்து பேனா.

சஜாத்துக்கு எடுத்து உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. எங்கள் ஊர் சிம் இங்கே வேலை செய்யாததால், எதிர்ப் படுக்கையில் வந்த ஆந்திரா இராணுவ வீரன் ஒருவன் தன் போனைத் தந்தான். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மறுபக்கம் சிரிப்புச் சத்தம். "மச்சான், நான் ரெண்டு வருசமா இதத்தானே சொன்னன்," என்றான். பிறகு குரல் மாறிக் கேட்டான், "வாப்பாவும் வந்திரிக்காரா? மெய்யாவா?" மாமாவிடம் போனை நீட்டினேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "நேர கதைக்கிறன் எண்டு சொல்லுங்க."

விழாவை நேரடியாகப் போனில் காட்டுவார்களாம். இராணுவ வீரன் தேடிப் பிடித்துத் தந்தான். பதினொரு மணிக்கு எங்கள் பகுதியில் ஆறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பதினான்கு பேர் இருந்தோம். ரயிலோ காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. படம் வரும், போகும். யார் யாரோ கறுப்புக் கவுனில் ஏறி இறங்கினார்கள். கடைசியில் சஜாத்தின் பெயர் கேட்டது. அவன் மேடைப் படியில் ஒரு காலைத் தூக்கினான். சிக்னல் போய்விட்டது.

படம் அப்படியே நின்றது. சஜாத் ஒற்றைக் காலைத் தூக்கியபடி, கவுன் பறக்க, வாய் பாதி திறந்து. ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். பதினான்கு பேரும் மூச்சு விடாமல் பார்த்தோம். மாமா போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"மருமகன், கால வைக்கச் சொல்லுங்க. நோகப்போகுது," என்றார்.

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அதைக் கண்டதும் மாமி அழுதார்; மாமியைக் கண்டு வசந்தா அம்மா அழுதார். தமிழில் ஒரு சொல்லும் தெரியாத இராணுவ வீரன் மூக்கை உறிஞ்சினான். சிக்னல் திரும்பி வந்தபோது யாரோ ஒருவர் நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பசி வந்தது. பார்சல் இல்லை. நிலையங்களில் எதை வாங்கிச் சாப்பிடலாம் என்று எங்களுக்குத் தெரியாது. வசந்தா அம்மா எலுமிச்சம் சோறு தந்தார். இராணுவ வீரனின் தாய் கட்டிக் கொடுத்த புளிக் காரத் துவையல் வந்தது (மாமி ஒரு வாய் வைத்துவிட்டு, 'இது நம்மட ஆக்கள்தான்' என்றார்). கைகொடுத்துப் போன பெரியவர் பூரி அனுப்பினார். வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்க மாமிக்கு ஏலாது. "என்ட புள்ளைக்குக் கொண்டு போறது," என்று காலையில் இருந்து கட்டிப்பிடித்திருந்த மஸ்கட் டின்னை அவரே திறந்தார். அது பெட்டி முழுக்கப் போய் வந்தது. டிக்கெட் பரிசோதகர் இரண்டு துண்டு எடுத்தார். அன்று எனக்கு அவர் செய்த விளம்பரத்துக்கு அது குறைவு.

பிற்பகல் முழுக்க மாமா ஜன்னலை விட்டு நகரவில்லை. நான் வரைபடத்தில் படித்ததை அவர் மண்ணில் படித்தார்.

"இது நெல்லு நிலம். இன்னா, முடிஞ்சித்து. இனி நெல்லு வராது பாருங்க, மண் கறுத்துப் போச்சு." அவர் சொல்லி ஐந்து நிமிடத்தில் பருத்தி வந்தது. இந்தக் கறுப்பு மண்ணைப் பற்றி நான் பத்து வருடமாகப் படிப்பித்திருக்கிறேன். அது ரயில் ஜன்னலில் இருந்து பார்த்தால் ஈரமாகத் தெரியும் என்று எந்தப் புத்தகத்திலும் இருக்கவில்லை. வயல்வெளியை எங்கள் பக்கத்தில் வட்டை என்போம். ஒரு வட்டையில் நின்றால் அதன் மறுகரைத் தென்னை தெரியும். இங்கே ஒரு மணித்தியாலம் போயும் மறுகரை வரவில்லை.

"இதுக்கு ஆர் போடி?" என்று மாமா கேட்டார் (போடி என்றால் எங்கள் பக்கத்தில் வயல் சொந்தக்காரர்). "இவ்வளவையும் ஆர் விதைச்சான்?"

ஒவ்வொரு நிலையத்திலும் எழுத்து மாறியது, தேத்தண்ணி விற்பவனின் குரல் மாறியது, பெண்கள் சேலை உடுத்த விதம் மாறியது. தோடம்பழம், வசந்தா அம்மாவின் பாஷையில் ஆரஞ்சு, விற்கிற ஊர் ஒன்று வந்தது. வண்டி முழுக்கத் தோடம்பழ மணம். நேற்றுவரை இது எனக்குப் பல நிறம் பூசிய ஒரு தாள். வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. என் முட்டாள்தனம் இல்லாவிட்டால் இதில் பாதியைத் தூங்கித் தொலைத்திருப்பேன்.

"மருமகன், நம்மட கணக்குல டெல்லி எத்தின கொழும்பு?"

நான் இந்த முறை கையை வைக்கவில்லை. தாளில் கணக்குப் போட்டு, இரண்டு தரம் சரிபார்த்துச் சொன்னேன். "ஆறு கொழும்பு மாமா."

இராணுவ வீரனிடம் அவன் எங்கே போகிறான் என்று கேட்கச் சொன்னார். வசந்தா அம்மா கேட்டுச் சொன்னார். டெல்லியில் இறங்கி இன்னொரு இரவு ரயில்; அதற்குப் பிறகு இரண்டு நாள் மலைப் பாதையில் லொறி. மாமா அவனை நீண்ட நேரம் பார்த்தார்.

"அதுக்கங்காலயும் நாடு இரிக்கா?" என்றார். "இவன்ட உம்மா பெருநாளைக்கு என்ன செய்வா?"

மறுநாள் காலை ரயில் பனிமூட்டத்தில் மாட்டி மூன்று மணித்தியாலம் பிந்தியது. பனி விலகியபோது இரண்டு பக்கமும் கடுகு பூத்து மஞ்சளாகக் கிடந்தது. மாமி குளிரில் எங்கள் மூன்று பேரின் துவாய்களையும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மஸ்கட் டின்னில் ஒரேயொரு துண்டுதான் மிச்சம். வெறும் டின்னோடு போக வேண்டாம் என்று வசந்தா அம்மா முறுக்குப் போட்டார். நான் வாங்கிய தோடம்பழங்கள், பெரியவர் தந்த வெல்ல உருண்டை, இராணுவ வீரனின் துவையலில் கொஞ்சம். எங்கள் ஊர் டின்னை வழியில் இருந்தவர்கள் நிரப்பித் தந்தார்கள்.

டெல்லி மேடையில் சஜாத் நின்றான். கறுப்புக் கவுனோடு, தலையில் சதுரத் தொப்பியோடு. நேற்று மாலையே திருப்பிக் கொடுக்க வேண்டிய கவுனை, வாப்பா வருகிறார் என்று கெஞ்சி ஒரு நாள் வைத்திருந்தான். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவனை வக்கீல் என்று நினைத்து விலகிப் போனார்கள்.

மாமா இறங்கினார். மூன்று கிழமையாகத் தயார் செய்துவைத்த கேள்வி ஒன்று அவரிடம் இருந்தது எனக்குத் தெரியும். அவர் அதைக் கேட்கவில்லை. கவுனின் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தார்.

"நீ இவ்வளவு தூரத்துலயாடா மகன் இரிந்த?"

"ஓம் வாப்பா."

"எனக்கு ஒரு சாண் எண்டுதான் காட்டினாங்க."

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இரண்டு பேர் முகமும் ஒரே அச்சு என்பதை அப்போதுதான் கவனித்தேன். நான் மன்னிப்புக் கேட்டேன். மாமா கையை அசைத்து, "பிளேன்ல வந்திரிந்தா எனக்கு இது விளங்கியிராது மருமகன்," என்றார். என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

வரைபடம் இன்னும் சாப்பாட்டு மேசைக்கு மேலேதான் இருக்கிறது. பக்கத்தில் சிவப்பு மையால் திருத்திய டிக்கெட்டைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், ஆணியடித்தது நஸ்ரினா. நான் எங்கேயாவது போகும்போது "விடிய வந்திருவன்" என்றால், மாமியில் இருந்து என் மகள் வரை கேட்கிற ஒரே கேள்வி, "எந்த விடிய?" வகுப்பில் இப்போது இந்தியாவின் நீளத்தைக் கொழும்புக் கணக்கில் சொல்கிறேன். ஏறத்தாழ ஒன்பது கொழும்பு. பிள்ளைகளின் வாய் திறந்தபடி நிற்கும், பசியில் அல்ல.

சஜாத் இப்போது இன்னும் வடக்கே ஒரு பண்ணையில் வேலை செய்கிறான். போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவு நாலு நாள்தான், எப்படியாவது வந்துவிடுகிறேன் என்று எடுத்தான். மாமா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"வேணாம் மகன். ஏழு கொழும்பு. நீ அங்கயே தொழுதுக்க," என்றார். "நாங்க வாறம்."

பிறகு மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னார்.

"டிக்கெட்ட ஒன்ட மச்சான் எடுக்க மாட்டார்."